மூன்றாவது மாடியில் கடல்

சென்னை மெரினாவில் 1909-ஆம் ஆண்டு ஒரு கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும்வரை ஊர்ச்சனம் கூட்டம் கூட்டமாக அங்கே போய் வந்தது. அந்தக் காட்சியகத்துக்கு இருந்த ஒரு வசதி, இன்று அண்ணா நகரில் மூன்றாவது மாடியில் கடல்தொட்டி வைக்க ஆசைப்படுபவருக்குக் கிடையாது. அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது.

வீட்டில் மீன் வளர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொளத்தூர் கடைகளில் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வாங்கி பாலிதீன் கவரில் தூக்கிவராத குடும்பம் சென்னையில் குறைவு. அந்த மீன்கள் குளத்திலும் ஓடையிலும் பழகிய வம்சம். மழை வந்தால் தண்ணீர் மாறும், கோடையில் சூடேறும், அவை சமாளித்துக்கொள்ளும். பவளப்பாறையில் வாழும் உயிர்கள் அப்படிப் பழகியவை அல்ல. அங்கே உப்பின் அளவும் வெப்பமும் காரத்தன்மையும் ஆண்டு முழுக்கச் சிறிய எல்லைக்குள்தான் ஏறி இறங்கும். அந்த நிலைத்தன்மையை இருநூறு லிட்டர் தண்ணீருக்குள் கொண்டுவருவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முழு வேலையும். மீன் வாங்குவது அதில் கடைசிக் கட்டம்.

தண்ணீரிலிருந்தே தொடங்க வேண்டும். கடல்நீர் என்றால் உப்பு கரைத்த தண்ணீர் என்று நினைத்துக் கல்லுப்பைக் கொட்டியவர்கள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு. மீதியில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட், பைகார்பனேட் எல்லாம் அடங்கும். உப்பளத்தில் இவை ஒன்றொன்றாகப் பிரிந்துபோகின்றன. கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். அடுத்த பாத்தியில்தான் உப்பு விளையும். மெக்னீசியம் கடைசிவரை கரைந்தே கிடந்து, மிஞ்சும் கசப்புநீரோடு போய்விடும். சாம்பாருக்கு அப்படிப் பிரிந்த உப்புதான் வேண்டும். பவளத்துக்கோ போய்விட்டவைதான் முக்கியம்: கூடு கட்ட அதற்குக் கால்சியம் தேவை, அந்தக் கால்சியம் தானாகப் படிந்துவிடாமல் கரைந்திருக்க மெக்னீசியம் தேவை.

ஆகவே இதற்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். அதைக் கரைக்கும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீராக இருக்க முடியாது. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் இருக்கலாம். கேன் தண்ணீர் குடிக்க நல்லது, அவ்வளவுதான். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் சோதித்தால் முப்பது, ஐம்பது என்று காட்டும். தொட்டிக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும், அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் டி.ஐ. என்ற இன்னொரு வடிகட்டி மாட்ட வேண்டும். கடற்கரையிலேயே குடத்தில் மொண்டுவந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் மொண்ட தண்ணீரில் என்னென்ன இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கரையோரக் கடல்நீரின் உப்பும் குறைந்திருக்கும்.

கலக்கிய தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு அங்கேயே தங்கிவிடும். மட்டம் இறங்குகிறதே என்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு வாரமும் உப்பு ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீர்.

தொட்டியின் அளவில் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். முதலில் சின்னதாக வைத்துப் பழகலாம் என்பது நன்னீருக்குப் பொருந்தும். கடல்நீரில் தொட்டி சின்னதாக ஆக ஆகச் சிரமம் கூடும். நாற்பது லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை கவனிக்கப்படாமல் செத்தால்கூடத் தண்ணீர் கெடும். இருநூறு லிட்டர் அதைத் தாங்கும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், அதைவிடச் சற்றே அதிக உயரம் என்றால் இருநூறு லிட்டர் வரும். தண்ணீர் மட்டும் இருநூறு கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட், கீழே வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். பழைய கட்டடமாக இருந்தால் சுவரோரமாக, பீம் போகும் இடம் பார்த்து வைப்பது நல்லது. நேரடி வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம்.

இந்தப் பொழுதுபோக்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். ஐம்பதுகளில் கடல்தொட்டி என்றால் மீன்கள் சில வாரம் தாக்குப்பிடிக்கும், பிறகு செத்துவிடும், மறுபடி வாங்க வேண்டும் என்பதே நடைமுறை. லீ வேறு மாதிரி யோசித்தார். பாறைத்திட்டிலிருந்து எடுத்த, உயிர்கள் அப்பியிருக்கும் கல்லையே தொட்டியில் அடுக்கினார். காற்றுக்குழாயில் மெல்லக் குமிழி விட்டார். வேறு வடிகட்டி எதுவும் வைக்கவில்லை. பவளங்கள் உயிரோடு இருந்தன. 1961-இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அவர் அதை எழுதினார். பிறகு ஜெர்மானியர்கள் இதனுடன் நுரை பிரிக்கும் கருவியையும் பலமான விளக்கையும் சேர்த்தார்கள். ‘பெர்லின் முறை’ என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் கடல்தொட்டிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான்.

லீயின் கல்லில் இருந்த ரகசியம் பாக்டீரியா. மீன் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு வரை ஆபத்தில்லை. துளைகள் நிறைந்த கல்லின் உட்புறத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் மூன்றாவது வகை குடியிருக்கும். இந்தக் கூட்டம் தொட்டியில் பெருகி நிலைகொள்வதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள். அதற்கு மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. தண்ணீரில் கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, பூஜ்யமாவதைப் பார்த்துக்கொண்டு வெறும் கல்லின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பொறுமையிழந்து இரண்டாம் வாரமே மீன் வாங்கிவிடுபவர்கள் ஏராளம். கடைக்காரர்களும் தடுப்பதில்லை.

அடுத்தது நுரை பிரிக்கும் கருவி, கடைமொழியில் புரோட்டீன் ஸ்கிம்மர். மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை நுரை திரண்டு கிடப்பதைப் பார்த்திருப்போம். கரிமக் கழிவுகள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் உண்டாவது அது. ஸ்கிம்மர் அதே வேலையை வேண்டுமென்றே செய்கிறது. நீண்ட குழலுக்குள் பொடிப்பொடியாகக் குமிழி விட்டு, கழிவைச் சுமந்து மேலே வரும் நுரையைக் கோப்பையில் பிடிக்கிறது. இரண்டு நாளில் அந்தக் கோப்பையில் தேநீர் நிறத்தில் ஒரு திரவம் சேரும். அதன் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குக் கருவியின் அவசியம் உடனே புரிந்துவிடும். அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே கழிவை வெளியேற்றுவது இதன் சிறப்பு. நன்னீரில் நுரை இப்படித் திரளாது, ஆகவே நன்னீர்த் தொட்டிக்காரர்களுக்கு இந்தக் கருவி பழக்கமில்லை.

வெளிச்சம் பவளத்துக்காக. பவளம் தாவரமோ கல்லோ அல்ல, விலங்கு. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு ஒளி மங்கி நீலம் மட்டும் எஞ்சும், அதனால்தான் இந்தத் தொட்டிகளில் நீல எல்.இ.டி. எரிகிறது. வெப்பம் ஓரிரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது இதுதான்.

இதைத் தமிழ்நாட்டு வீட்டோடு பொருத்திப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். தொட்டிக்கு ஏற்ற வெப்பம் 25, 26 டிகிரி. சென்னை மே மாதத்தில் மூடிய அறையே 33 டிகிரியைத் தாண்டும், அதில் பம்பும் விளக்கும் தம் பங்குக்குச் சூடேற்றும். தண்ணீர் மேல் விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கலாம். கடலோரப் புழுக்கத்தில் அதுவும் குறைவாகத்தான் பலிக்கும். சில்லர் என்ற நீர்க் குளிர்விப்பான் இல்லாமல் இங்கே பவளத்தொட்டி கிடையாது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் புத்தகங்களோ ஹீட்டர் வாங்குவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்.

மின்சாரம் இன்னொரு கதை. நன்னீர்த் தொட்டியில் மோட்டார் நின்றால் பரவாயில்லை. இதமான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் அலை பம்பை இணைப்பதும், பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை எப்போதும் தயாராக வைப்பதும் இந்தக் கடற்கரையில் அடிப்படைச் செலவு.

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் கைகூடும். அடுத்து வருவது சட்டம்.

இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. கடல் குதிரையும் கடல் அட்டையும் அதே ஆண்டில்தான் பட்டியலில் ஏறின. முதல் அட்டவணையில் புலியும் யானையும் இருக்கின்றன. அதை மீறினால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை, ஏழாண்டு வரை நீளலாம். லீ சின் எங் அடுக்கிய ‘உயிருள்ள கல்’ என்பதே செத்த பவளத்தின் எலும்புக்கூடுதான், அதையும் நம் கடலிலிருந்து எடுக்க முடியாது. ‘இது வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்தது’ என்று யாராவது நீட்டினால் தாளைக் கேட்கலாம். கல் பவளங்கள் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எந்த நாட்டிலிருந்தும் அவை எல்லை தாண்டக் கூடாது.

கடுமையான சட்டம்தான். அதற்குக் காரணம் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் கல் வெட்டுவது பல ஆண்டு தொடர்ந்தது. அலையைத் தடுத்த திட்டு போனபின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறது. ஒருபுறம் இப்படி விரல் நீளத் துண்டை நட்டுக்கொண்டிருக்கையில், மறுபுறம் வரவேற்பறை அழகுக்காக அதைப் பெயர்த்து எடுப்பதை எந்த ரசனையும் நியாயப்படுத்தாது.

பவளத்தைத் தொட்டியில் வளர்ப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. அனுமதி உள்ள நாடுகளில் ஆர்வலர்கள் ஒரே தாய்ப்பவளத்திலிருந்து நூற்றுக்கணக்கான துண்டுகளை நறுக்கி வளர்த்துக் கைமாற்றிக்கொள்கிறார்கள், கடலைத் தொட வேண்டியதே இல்லை. அந்தக் கைப்பழக்கம் கடலுக்கும் திரும்பிப் போயிருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டேவிட் வான் என்ற விஞ்ஞானியின் தொட்டியில் எல்க்ஹார்ன் பவளம் ஒன்று தற்செயலாக உடைந்து சிதறியது. பொடித் துண்டுகள், பெரிய துண்டைவிடப் பல மடங்கு வேகமாக வளர்ந்ததை அவர் கவனித்தார். அழிந்த திட்டுகளை மீட்க இன்று அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி க்ராக்ஸ் குழுவினர் கடலின் பருவ வெப்பம், சூரியன் மறையும் நேரம், நிலவொளி மூன்றையும் கணினி வழியே தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். கடலில் ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட இரவில் நிகழும் பவள இனப்பெருக்கம் அவர்கள் சொன்ன நாளில் தொட்டியிலேயே நடந்தது.

சரி, தமிழ்நாட்டில் ஒருவர் என்னதான் வைக்கலாம்? செயற்கைப் பீங்கான் கற்களை அடுக்கி, பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை விட்டு, பண்ணையில் பிறந்த மீன்களை வளர்க்கலாம். கல் பவளம் இல்லாவிட்டாலும் அது கடல்தொட்டிதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீன் இனங்கள் பலவற்றையும் டாம்செல் மீன்களையும் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. லட்சத்தீவின் அகத்தித் தீவில் உள்ளூர்ப் பெண்கள் அலங்கார இறால் வளர்க்கப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். கடலில் பிடித்த மீன் தொட்டி உணவைத் தொட மறுத்துப் பட்டினியில் சாவது வழக்கம். பண்ணை மீன் முதல் நாளே சாப்பிடும்.

பிள்ளைகள் ‘நீமோ’ என்று கேட்கும் கோமாளி மீன், புதியவர்களுக்கு மிகப் பொருத்தம். கடல் சாமந்தி இல்லாமலே அது வாழும். நன்றாகக் கவனித்தால் இருபது ஆண்டுகூட இருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளை வேலைக்குப் போனபின்னும் மீன் இருக்கும் என்று யோசித்து வாங்க வேண்டும். அடுத்துக் கேட்கப்படும் ‘டோரி’ விஷயத்தில் வீட்டார் உறுதியாக இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த நீல டாங் மீன் ஓரடி வரை வளரும், நாளெல்லாம் நீந்தித் திரியும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. அதைப் பண்ணையில் முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்ததே 2016-இல்தான், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில். கடையில் இருப்பது பெரும்பாலும் திட்டிலிருந்து பிடித்தது. இருநூறு லிட்டருக்கு நான்கைந்து சிறிய மீன்கள் போதும், அதையும் மாதத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்க்க வேண்டும். புதிய மீனைத் தனித் தொட்டியில் நான்கு வாரமாவது வைத்துப் பார்க்காமல் உள்ளே விட்டால், வெள்ளைப்புள்ளி நோய் மொத்தக் கூட்டத்தையும் வாரிக்கொண்டுபோகும். அதற்கான செம்பு மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

பட்டன் பாலிப் என்று விற்கும், கல்லில் ஒட்டி வளரும் ஸோவாந்திட் உயிர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கும் இவற்றில் சில, பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சைச் சுரக்கின்றன. கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைத்தால் ஆவியோடு நஞ்சு நுரையீரலுக்குப் போகும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் தொட்டிப் பவளத்தை வெளியே எடுத்த ஒரு குடும்பத்தினரும், உதவிக்கு ஓடிய அவசரப் பணியாளர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் வாங்கவே வேண்டாம்.

பராமரிப்பு கேள்விப்படும் அளவுக்குப் பெரிய வேலை அல்ல. தினம் வெப்பத்தைப் பார்ப்பது, ஆவியான அளவுக்குத் தண்ணீர் விடுவது, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் உணவு போடுவது, இவ்வளவுதான். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, கண்ணாடிப் பாசியைச் சுரண்டி, ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவ வேண்டும். அநேகத் தொட்டிகள் அழிவது அதிக உணவாலும் அவசர வைத்தியத்தாலும்தான். முதல் மாதங்களில் பழுப்புத் தூசி படியும், பிறகு பச்சை நார்ப்பாசி வளரும். இரண்டும் தாமாகவே அடங்கும். அதைப் பார்த்துப் பயந்து ஏதேதோ மருந்து ஊற்றுபவர்கள், அடங்கப்போகும் தொட்டியைத் திரும்பவும் முதல் வாரத்துக்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

வீடு மாறும்போதோ, அலுத்துப்போகும்போதோ தொட்டியை மூட நேரலாம். அப்போது ‘பாவம், கடலிலேயே விட்டுவிடலாம்’ என்று தோன்றும். 1984-இல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்தின் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் தென்பட்ட அலங்காரப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் 1985-இல் ஃபுளோரிடாக் கரையில் தலைகாட்டியது. யாரோ தொட்டியிலிருந்து விட்டதாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் திட்டுகளில் அது சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஆகவே தொட்டி மீன்களை வாங்கிய கடையிலோ, இதே ஆர்வமுள்ள இன்னொருவரிடமோ ஒப்படையுங்கள். கற்களை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். மெரினாவுக்கு எதையும் எடுத்துப்போகாதீர்கள்.